லிலியன்ஃபெல்ட்: திரான்சிற்றருக்கு முன்னரே திரான்சிற்றரை எழுதியவர்

கைத்தொலைபேசியில் ஒரு படத்தைச் சேமித்து வைக்கிறோம். மின்கலம் தீர்ந்து தொலைபேசி அணைந்துபோனாலும் படம் அழிவதில்லை. அந்தப் படம் உள்ளே இலத்திரன்களாகத்தான் இருக்கிறது. சிலிக்கனின் மேல் சில நனோமீற்றர் தடிப்பில் ஓர் ஒட்சைட்டுப் படை. ஒட்சைட்டு மின்னைக் கடத்தாத காவலி. அதற்கு அப்பால், நாலாபுறமும் காவலியால் சூழப்பட்ட ஒரு சிறு அறை. படத்தைச் சேமிக்கும் கணத்தில் ஒரு வலுவான மின்புலம் இலத்திரன்களை அந்தக் காவலியின் ஊடாகவே இழுத்து அறைக்குள் தள்ளுகிறது. மின்புலம் நீங்கியதும் வெளியே வர வழியில்லாமல் அவை ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கின்றன.

இலத்திரன்கள் சுவருக்கு மேலாக ஏறிக் குதிக்கவில்லை, சுவரை ஊடுருவிப் போயின. பௌதிகவியல் நூல்கள் இதற்கு ஃபௌலர், நோர்ட்ஹைம் என்ற இருவரின் பெயரைச் சூட்டியிருக்கின்றன. அவர்கள் 1928இல் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள். ஆனால் சூடே இல்லாத உலோகத்திலிருந்து மின்புலம் மட்டும் இலத்திரன்களைப் பிடுங்கி எடுக்கும் என்பதை ஆய்வுகூடத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டி எழுதியவர் வேறொருவர். அவர்தான் யூலியஸ் எட்கார் லிலியன்ஃபெல்ட். அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திராது. இன்றைய சிப்பின் அடிப்படை உறுப்பான, உலோகம், ஒட்சைட்டு, குறைகடத்தி என்ற மூன்று படைகளாலான ஆளியின் வரைபை 1928இலேயே எழுதி அமெரிக்க அரச அலுவலகத்தில் ஒப்படைத்தவரும் இதே மனிதர்தான். பௌதிகவியலாளர்கள் இவரது பெயரை ஒரு பரிசின் பெயராக அறிவார்கள். பரிசைப் பெற்றவர்களின் வரலாறு பலருக்குத் தெரியும். பரிசுக்குப் பெயர் கொடுத்தவரின் வரலாறு தெரிந்தவர்கள் குறைவு.

லிலியன்ஃபெல்ட் 1882 ஏப்ரல் 18ஆம் திகதி லெம்பேர்க் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சட்டத்தரணி. அப்போது அந்நகர் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தின் தலைநகர். முதல் உலகப் போருக்குப் பின்னர் அது போலந்தின் லுவூவ் ஆனது. பிறகு சோவியத்தின் ல்வோவ். இன்று உக்ரைனின் லிவீவ். ஆட்சி மாற ஊரின் பெயர்ப்பலகையும் மாறுவதைக் கண்டு வளர்ந்த வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

18 வயதில் பெர்லின் போனார். அங்கே 1905 பெப்ரவரியில் கலாநிதிப் பட்டம் பெற்றார். வாயுக் கலவையொன்றில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்பதை அதன் ஒளி நிறமாலையைக் கொண்டு அளப்பது அவரது ஆய்வுப் பொருள். அதே ஆண்டில் லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் நிறுவகத்தில் சேர்ந்தார். அடுத்த இரு தசாப்தங்கள் அவரது பெயர் அந்த நிறுவகத்தோடுதான் இருந்தது. நிரந்தரப் பேராசிரியர் கதிரை அவருக்குக் கிடைக்கவில்லை. அக்கால ஜேர்மனியில் யூதப் பின்னணி கொண்ட ஆய்வாளர்கள் பலர் திறமை இருந்தும் வாசலிலேயே நின்றார்கள். அவர் விடயத்தில் அதுமட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கட்டுரை எழுதுவதைவிடக் கருவி செய்வதிலும், கருவியைவிட அதற்கு உரிமை எடுப்பதிலும் அவருக்கு நாட்டம் அதிகம். பல்கலைக்கழகங்கள் அத்தகையவர்களை அவ்வளவாக விரும்புவதில்லை.

லைப்சிக்கில் முதலில் அவர் கைவைத்தது குளிரில். ஐதரசன் வாயுவைத் திரவமாக்க வேண்டுமானால் பூச்சியத்துக்குக் கீழே 253 பாகை செல்சியஸ் வரை குளிர்விக்க வேண்டும். அதற்கான பொறித்தொகுதி ஒன்றை அவர் அமைத்தார். ஐதரசன் நிரப்பிய வான்கப்பல்களால் அப்போது ஜேர்மனியின் வீரபுருடராக விளங்கிய கவுண்ட் செப்பலினுடனும் பணியாற்றினார். ஆனால் அவரது மனம் நிலைத்தது வெற்றிடத்தில்.

வெற்றிடம் என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். அக்காலத்தில் ஒரு கண்ணாடிக் குழாயை உண்மையிலேயே வெறுமையாக்குவது பெரும்பாடு. பம்பி எவ்வளவு இழுத்தாலும் கொஞ்சம் வாயு எஞ்சும். கண்ணாடிச் சுவரும் உலோகத் தகடும் தாம் உறிஞ்சி வைத்திருந்த வாயுவைச் சூடேறும்போது வெளியே விடும். அப்படியான குழாயில் மின்னோட்டம் பாய்ந்தால், அது உலோகத்திலிருந்து புறப்பட்ட இலத்திரன்களால் வந்ததா, எஞ்சிய வாயு அயனாகியதால் வந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. வாயு இல்லாவிட்டால் ஓட்டமே வராது என்று கருதியவர்களும் இருந்தார்கள். லிலியன்ஃபெல்ட் 1910 அளவிலிருந்து பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான்: வெற்றிடம் தூய்மையாகத் தூய்மையாக மின்னிறக்கம் எப்படி மாறுகிறது? வாயுவின் பங்கைக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது எது? எனக்கு அவரது வாழ்க்கையில் மிகப் பிடித்த பகுதி இந்தப் பொறுமைதான்.

அந்தப் பொறுமையிலிருந்து முதலில் வந்தது ஒரு எக்ஸ் கதிர்க் குழாய். றொன்ட்ஜனின் காலத்துக் குழாய்கள் எஞ்சிய வாயுவை நம்பி இயங்கின. வாயுவின் அளவு மாற மாறக் கதிரின் வலுவும் மாறும். ஒரே குழாய் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் படம் எடுக்கும். லிலியன்ஃபெல்ட் சூடான இழையிலிருந்து இலத்திரன்களைப் பெற்று, உயர் வெற்றிடத்தில் அவற்றை உலோக இலக்கின்மேல் மோதவிடும் குழாயை உருவாக்கினார். ட்ரெஸ்டன் நகரின் கோச் அன்ட் ஸ்டேர்சல் நிறுவனம் அதைத் தயாரித்தது. ஆனால் 1913இல் அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ரிக் நிறுவனத்தில் வில்லியம் கூலிட்ஜ், தங்குதன் இழை கொண்ட எளிமையான ஒரு குழாயைக் கொண்டுவந்தார். கூலிட்ஜின் குழாய் உலகை வென்றது. இன்று மருத்துவமனைகளில் உள்ள குழாய்கள் அதன் வழித்தோன்றல்களே. யார் முந்தியவர் என்ற உரிமைப் பிணக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதுவே பின்னாளில் அவரை அத்திலாந்திக் கடக்க வைத்தது.

இடையே இன்னொன்றையும் கவனித்தார். வேகமாக வரும் இலத்திரன்கள் அனோட்டில் மோதும் இடத்தில் ஒரு சாம்பல் கலந்த வெண்ணிற ஒளி தெரிந்தது. உலோகம் சூடேறிச் சிவக்கும் ஒளி அல்ல அது. 1919இல் அதைப்பற்றி எழுதினார். அந்த ஒளிக்கு அவரது பெயரே வைக்கப்பட்டது. ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குள் மின்னேற்றம் நுழையும்போது கதிர் பிறக்கும் என்று சோவியத் பௌதிகவியலாளர்கள் கின்ஸ்பர்க்கும் ஃபிராங்கும் 1940களில் கோட்பாடு அமைத்த பின்னர்தான் லிலியன்ஃபெல்ட் கண்டதற்கு ஒரு விளக்கம் பொருந்தி வந்தது. கண்டது ஒரு காலம், புரிந்தது இன்னொரு காலம். இவரது வாழ்க்கையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். உலோகத்துக்குள் இலத்திரன்கள் தாராளமாக ஓடித் திரிகின்றன. ஆனால் வெளியே வரமாட்டா. மேற்பரப்பில் ஒரு தடுப்பு இருக்கிறது. தங்குதனில் அந்தத் தடுப்பின் உயரம் சுமார் 4.5 இலத்திரன்வோல்ற்று. அதைத் தாண்டப் பழைய வழி, இழையை இரண்டாயிரம் பாகைக்கு மேல் சூடாக்குவது. பானையில் நீர் கொதித்து ஆவியாவது போல இலத்திரன்கள் வெளியேறும். பழைய வானொலி வால்வுகள் எல்லாம் இப்படித்தான் இயங்கின. பெட்டியைப் போட்டதும் பாட்டு வராமல், உள்ளே செம்மஞ்சளாக ஒளிர்ந்து கொஞ்சம் பொறுத்தே குரல் வந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

லிலியன்ஃபெல்ட் சூட்டை நீக்கிவிட்டார். கூரிய முனையுள்ள உலோகம், மிகத் தூய வெற்றிடம், மிக உயர்ந்த வோல்ற்றளவு. முனை கூராக இருந்தால் மின்புலம் அங்கே குவியும். குளிர்ந்த உலோகத்திலிருந்தே இலத்திரன்கள் பாய்ந்தன. அதை அவர் தன்னியல்பான இலத்திரன் வெளியேற்றம் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார். 1922இல் ஆங்கிலத்தில் அதுபற்றிய முதல் நம்பகமான விவரிப்பை எழுதினார். அதைக் கொண்டு சிறிய எக்ஸ் கதிர்க் குழாய் செய்யலாம் என்பதே அவரது எண்ணம். அவருக்கு முன்னரும் சிலர் இத்தகைய மின்னிறக்கத்தைக் கண்டிருந்தார்கள். அமெரிக்கரான றொபேர்ட் வூட் 1897இலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஆனால் வாயுவின் கைவரிசை இல்லை, சூட்டின் கைவரிசை இல்லை, இது தனியான ஒரு விளைவு என்று பிரித்து நிறுத்தியதில் லிலியன்ஃபெல்டுக்கே பெரும்பங்கு.

அது ஏன் நடக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, வேறு எவருக்கும் தெரியாது. வோல்ட்டர் ஷொட்கி 1923இல் பழைய பௌதிகவியலைக் கொண்டு கணக்கிட்டார். மின்புலம் தடுப்பின் உயரத்தைத் தாழ்த்தும் என்பது சரி. ஆனால் தடுப்பை முற்றாகத் தாழ்த்தத் தேவையான மின்புலம், பரிசோதனைகளில் ஓட்டம் தொடங்கிய மின்புலத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. கணக்கும் கண்ணும் ஒத்துப்போகவில்லை. 1928இல் ஃபௌலரும் நோர்ட்ஹைமும் புதிதாகப் பிறந்த குவாண்டம் பொறிமுறையைக் கையில் எடுத்தார்கள். மின்புலம் தடுப்பைத் தாழ்த்துவதைவிட அதை மெலிய வைக்கிறது. மெலிந்த தடுப்பை இலத்திரன் அலையாக ஊடுருவும். மதிலின் உயரம் அப்படியே இருக்கிறது, தடிப்புத்தான் குறைகிறது. திண்மப்பொருளில் குவாண்டம் பொறிமுறை பெற்ற முதல் வெற்றிகளில் ஒன்று இது.

அந்தக் கணக்கு வெளிவந்தபோது லிலியன்ஃபெல்ட் லைப்சிக்கில் இல்லை. உரிமைப் பிணக்குகளின் பொருட்டு 1920களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனவர், 1926இல் லைப்சிக் பதவியைத் துறந்து அங்கேயே தங்கிவிட்டார். அதே ஆண்டு மே 2ஆம் திகதி நியூயோர்க்கில் பியற்றிஸ் கின்ஸ்பர்க் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். அவருக்கு அப்போது 44 வயது. ஏழு ஆண்டுகள் கழித்து ஹிட்லரின் அரசு யூதர்களை ஜேர்மனியின் அரச பதவிகளிலிருந்து துரத்தியது. அவர் பிறந்த லெம்பேர்க்கின் யூத சமூகம் 1941க்கும் 1943க்கும் இடையில் ஏறத்தாழ முழுமையாகக் கொன்றொழிக்கப்பட்டது. ஒரு காப்புரிமை வழக்குக்காகப் புறப்பட்ட பயணம் அவரை அந்தக் கொலைக்களத்துக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் வைத்திருந்தது.

அமெரிக்காவில் நிலைகொள்ளத் தொடங்கிய அந்த ஆண்டுகளில்தான் அவர் தன் பெயரை இன்றுவரை காப்பாற்றும் மூன்று ஆவணங்களை எழுதினார். முதலாவதைக் கனடாவில் 1925 ஒக்ரோபர் 22இல் பதிந்தார். மறு ஆண்டு ஒக்ரோபர் 8இல் அமெரிக்காவிலும் பதிந்தார். பெயர் மிகச் சாதாரணமானது: மின்னோட்டங்களைக் கட்டுப்படுத்தும் முறையும் கருவியும். உள்ளே இருப்பது சாதாரணமானதல்ல. ஒரு கண்ணாடித் துண்டு. அதை இரண்டாக உடைத்து, இடையில் மெல்லிய அலுமினியத் தாளொன்றை வைத்து மறுபடி ஒட்டுகிறார். தாளின் விளிம்பு மட்டும் மேற்பரப்பில் தெரியும். அதன்மேல் செப்புச் சல்பைட்டாலான மெல்லிய படலம். படலத்தின் இரு அந்தங்களிலும் உலோக இணைப்புகள். ஓர் அந்தத்திலிருந்து மறு அந்தத்துக்கு ஓட்டம் பாயும். நடுவில் ஒளிந்திருக்கும் அலுமினிய விளிம்புக்கு வோல்ற்றளவு கொடுத்தால் அதன் மின்புலம் படலத்துக்குள் பரவி ஓட்டத்தைக் கூட்டும் அல்லது குறைக்கும்.

வாய்க்காலில் இறங்கி மண் போட்டு மறிக்காமல், கரையில் நின்றபடியே நீரின் அளவை மாற்றுவது போன்றது இது. வெற்றிடம் வேண்டாம், சூடான இழை வேண்டாம், கண்ணாடிக் குமிழ் வேண்டாம். இன்று நாம் இந்த மூன்றாவது முனையைப் படலை என்கிறோம். எங்கள் வீட்டு வாசற் படலையின் பெயர் இலத்திரனியலுக்குள் போனதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோசம் உண்டு. இந்தப் படலை திறப்பதும் பூட்டுவதும் தொடாமலே நடக்கிறது என்பதுதான் வேறுபாடு.

இரண்டாவது ஆவணம் 1928 மார்ச் 28இல் பதியப்பட்டது. இதில் படலைக்கும் குறைகடத்திக்கும் இடையே ஒரு காவலிப் படையை வைத்தார். அலுமினியம் கீழே, அதன் மேற்பரப்பில் வளர்த்த அலுமினியம் ஒட்சைட்டு நடுவே, செப்புச் சல்பைட்டு மேலே. உலோகம், ஒட்சைட்டு, குறைகடத்தி. பொருட்கள் வேறு, அடுக்கு அதே அடுக்கு. மூன்றாவது ஆவணம் அதே ஆண்டு டிசம்பரில். அதில் மெல்லிய படைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுப்படையைக் கொண்டு குறுக்கே போகும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த முயன்றார். மூன்றுக்கும் உரிமை கிடைத்தது: 1930, 1933, 1932 ஆகிய ஆண்டுகளில்.

நடுவில் வந்த அந்த ஒட்சைட்டுப் படை வானத்திலிருந்து விழவில்லை. 1928இல் மசச்சுசெற்ஸ் மாநிலத்தின் மோல்டன் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் பணியைத் தொடங்கினார். மக்னவொக்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான அது பின்னர் ஏர்கொன் ஆய்வுகூடம் என்று அழைக்கப்பட்டது. அங்கே அவர் கவனம் செலுத்தியவற்றில் ஒன்று மின்பகுப்புக் கொள்ளளவி. அலுமினியத்தைப் பொருத்தமான கரைசலில் வைத்து மின் கொடுத்தால் அதன்மேல் ஒட்சைட்டுத் தோலொன்று வளரும். கொடுக்கும் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் ஒரு நனோமீற்றருக்குச் சற்று அதிகமாகத் தடிக்கும். வோல்ற்றளவைத் திருப்பியே தடிப்பைத் தீர்மானிக்கலாம். இவ்வளவு மெல்லிய, இவ்வளவு சீரான காவலியை அந்தக் காலத்தில் வேறு எப்படியும் செய்ய முடிந்திராது. அவரது கொள்ளளவி ஆக்கவுரிமைகள் 1930களில் வெளியாகின. பழைய வானொலியைத் திறந்து பார்த்தவர்கள் உள்ளே நிற்கும் உருளை வடிவ வெள்ளித் தகரங்களைக் கண்டிருப்பார்கள். அந்தத் துறை அவருக்குக் கடன்பட்டது. திரான்சிற்றர் அவருக்குப் புகழையும் தரவில்லை, பணத்தையும் தரவில்லை. உலகம் உடனடியாகப் பயன்படுத்திக்கொண்டது கொள்ளளவியைத்தான்.

திரான்சிற்றர் ஏன் அப்போதே பிறக்கவில்லை? காரணங்கள் பல. அவர் அதைப்பற்றி ஆய்விதழ் எதிலும் எழுதவில்லை. ஆக்கவுரிமைப் பத்திரத்தைச் சட்டத்தரணிகள் வாசிப்பார்கள், பௌதிகவியலாளர்கள் வாசிக்கமாட்டார்கள். செப்புச் சல்பைட்டு நம்பமுடியாத பொருள். இன்று செய்ததுபோல் நாளை இராது. தூய்மையான குறைகடத்தி என்ற ஒன்றே அப்போது இல்லை. குறைகடத்திக்குள் இலத்திரன்களின் நடத்தையைச் சொல்லும் கோட்பாடே 1931இல்தான் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக மேற்பரப்பு. குறைகடத்தியின் வெளித்தோலில் உள்ள குறைபாடுகள் இலத்திரன்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் மின்புலத்தை உள்ளே போகவிடாமல் மறைத்துவிடும். படலை ஆடினாலும் முற்றத்துக்குச் சேதி போய்ச் சேராது.

இதே சுவரில்தான் இருபது ஆண்டுகள் கழித்து பெல் ஆய்வுகூடமும் போய் முட்டியது. 1945இல் வில்லியம் ஷொக்லி மின்புலத்தால் குறைகடத்தியின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவியொன்றை வடிவமைத்தார். கணக்குப்படி அது வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று தேடிய ஜோன் பார்டீன் மேற்பரப்பு நிலைகள் என்ற விளக்கத்தைக் கண்டார். அந்தத் தேடலின் வழியில் பார்டீனும் வோல்ட்டர் பிரட்டெய்னும் 1947 டிசம்பரில் வேறு வகையான ஒரு கருவியில் தடுக்கி விழுந்தார்கள். ஜேர்மானியத் துண்டின்மேல் இரண்டு பொன் முனைகள். அதுவே முதல் திரான்சிற்றர் என்று உலகம் அறிகிறது. மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்கவுரிமைக்கு விண்ணப்பிக்க முற்பட்டபோது பெல் நிறுவனத்தின் சட்டத்தரணிகள் பழைய கோப்புகளைக் கிளறினார்கள். லிலியன்ஃபெல்ட் அங்கே காத்திருந்தார். மின்புலத்தால் கட்டுப்படுத்தும் கருவி என்ற எண்ணத்துக்கு ஷொக்லியின் பெயரில் உரிமை கோர முடியாது என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஷொக்லி இதைத் தன் வாழ்நாளின் காயங்களில் ஒன்றாகச் சுமந்தார். அந்தக் கோபத்தில் சில வாரங்களில் அவர் சந்தித் திரான்சிற்றரை உருவாக்கினார் என்பது வேறு கதை. ஷொக்லியும் பியர்சனும் 1948இல் மின்புல விளைவு பற்றி எழுதிய ஆய்வுக் குறிப்பில் லிலியன்ஃபெல்டின் பெயர் இல்லை. சட்டத்தரணிகளுக்குத் தெரிந்த பெயர் அறிவியலாளர்களின் அடிக்குறிப்புக்கு வரவில்லை. இதை மறதி என்று கடந்துபோக என்னால் முடியவில்லை. பிற்காலத்தில் பார்டீன், அடிப்படை எண்ணம் லிலியன்ஃபெல்டினுடையதே என்பதை ஏற்றுக்கொண்டார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

நாட்காட்டியின் கொடுமையையும் பாருங்கள். அக்கால அமெரிக்கச் சட்டப்படி ஆக்கவுரிமை, வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகள் செல்லும். முதலாவது உரிமை வழங்கப்பட்டது 1930 ஜனவரி 28. அது 1947 ஜனவரியில் காலாவதியானது. பெல் ஆய்வுகூடத்தின் பொன் முனைகள் அதே ஆண்டு டிசம்பரில். ஒட்சைட்டுப் படை கொண்ட இரண்டாவது உரிமை 1950இல் முடிந்தது. மேற்பரப்பு என்ற பேயை வெப்பத்தில் வளர்த்த சிலிக்கன் ஈரொட்சைட்டுப் படையால் அடக்கி, உலோகம், ஒட்சைட்டு, குறைகடத்தி அடுக்கை உண்மையிலேயே வேலை செய்ய வைத்தவர்கள் பெல் ஆய்வுகூடத்தின் மொஹமட் அத்தால்லாவும் டோவன் காங்கும். ஆண்டு 1959. ஒருவர் எகிப்தில் பிறந்தவர், மற்றவர் கொரியாவில். லிலியன்ஃபெல்ட் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு 77 வயது.

எங்கே இருந்தார்? கரிபியன் கடலில், அமெரிக்க வேர்ஜின் தீவுகளில் ஒன்றான சென்ற் தோமஸில். 1934இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருந்தார். 1935இல் மோல்டன் ஆய்வுகூடம் மூடப்பட்டது. வாழ்நாள் முழுவதும் அவரைக் கோதுமை வயல்களோடு தொடர்பான ஓர் ஒவ்வாமை வாட்டியது. கோதுமையே விளையாத இடமாகத் தேடி, மனைவியுடன் அந்தத் தீவில் வீடு கட்டிக் குடியேறினார். லைப்சிக்கின் பனிக்காலத்தில் ஐதரசனைத் திரவமாக்கியவர் வெப்பவலயக் கடற்கரையில் கரைசேர்ந்தார். அங்கிருந்து அமெரிக்கப் பெருநிலத்துக்கு அடிக்கடி போய்வந்தார். புதிய எண்ணங்களைச் சோதிப்பதையும் அவற்றைப் பதிவதையும் நிறுத்தவில்லை. அவர் பெற்ற அமெரிக்க ஆக்கவுரிமைகள் ஏறத்தாழ 60. 1963 ஓகஸ்ட் 28ஆம் திகதி சார்லொட் அமாலி நகரில் இறந்தார்.

இறந்த மறு ஆண்டு பெல் ஆய்வுகூடத்தில் நீண்டகாலம் பணியாற்றிய ஜோன் பேட்ரண்ட் ஜோன்சன், தான் லிலியன்ஃபெல்டின் வடிவமைப்பொன்றைச் செய்துபார்த்ததாகவும் அது இயங்கவில்லை என்றும் எழுதினார். மின்சுற்றுகளின் இரைச்சலுக்குத் தன் பெயரைக் கொடுத்த பெரிய பௌதிகவியலாளர் அவர். அந்தச் சொல்லோடு விடயம் முடிந்தது போலிருந்தது. லிலியன்ஃபெல்ட் கடதாசியில் கனவு கண்டவர் என்ற கருத்து நிலைத்தது. 1990களில் அமெரிக்காவில் இருவர் தனித்தனியே அந்தப் பத்திரங்களை வரிக்கு வரி பின்பற்றிக் கருவிகளைச் செய்தார்கள். பிரெட் கிராஃபோர்ட் செய்தவை இயங்கின, ஆனால் நிலைத்து நிற்கவில்லை. ஜோயல் றொஸ் செய்தவை மாதக்கணக்கில் நிலைத்தன. திறன் குறைவுதான். ஆனால் எண்ணம் பிழையல்ல.

லிலியன்ஃபெல்ட் இயங்கும் கருவியைத் தம் கையாலேயே செய்தாரா? செய்திருப்பார் என்றே நான் நம்புகிறேன். கண்ணாடியை உடைத்துத் தாளைச் செருகி ஒட்டும் செய்முறையை மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்வது கடினம். அது கையில் வெட்டுப்பட்டவர் எழுதும் எழுத்து. ஆனால் நம்பிக்கை வேறு, நிரூபணம் வேறு. அவரை முதல் திரான்சிற்றரின் தந்தை என்று அறிவித்து பார்டீனையும் பிரட்டெய்னையும் திருடர்களாக்கும் இணையக் கட்டுரைகளோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கண்டது வேறு கருவி, வேறு தத்துவம். லிலியன்ஃபெல்டுக்குச் சேர வேண்டியது ஷொக்லி கோரிய இடம். அதைச் சட்டத்தரணிகள் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அவரது இரண்டு கண்டுபிடிப்புகளும் அவர் இல்லாத காலத்தில் ஒன்றையொன்று சந்தித்துக்கொண்டன. ஒட்சைட்டுப் படை மெலிய மெலிய, படலையிலிருந்தும் சிலிக்கனிலிருந்தும் இலத்திரன்கள் அதை ஊடுருவத் தொடங்கின. சிலிக்கன் ஈரொட்சைட்டில் நடப்பதும் ஃபௌலர், நோர்ட்ஹைம் கணக்கின்படியே என்று 1969இல் லென்ஸ்லிங்கரும் ஸ்னோவும் காட்டினார்கள். காங் 1967இலேயே சைமன் சீயுடன் சேர்ந்து, காவலிக்குள் மிதக்கும் படலை கொண்ட நினைவகத்தை முன்வைத்திருந்தார். இன்றைய கைத்தொலைபேசி நினைவகத்தின் வேர் அதுதான்.

இன்னொரு கிளையும் உண்டு. காவர் மீட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் 1960இல் ஒரு கேள்வி கேட்டார். காவலியை ஊடுருவி வரும் இலத்திரன்களை மேலே உள்ள உலோகப் படையையும் தாண்டி வெற்றிடத்துக்குள்ளேயே வெளியேற்றினால் என்ன? அடியில் உலோகமோ குறைகடத்தியோ, நடுவில் ஒட்சைட்டு, மேலே சில நனோமீற்றர் தடிப்பில் பொன் போன்ற உலோகத் தோல். கூரிய முனை வேண்டாம், சூடு வேண்டாம். தட்டையான பரப்பு முழுவதும் இலத்திரன்களை உமிழும். சிக்கல் அந்த மேல் தோலில் இருந்தது. இலத்திரன்களில் மிகப் பெரும்பாலானவை அதற்குள் மோதிச் சக்தியை இழந்து அங்கேயே தங்கிவிட்டன. அண்மைய ஆண்டுகளில் அந்த உலோகத் தோலுக்குப் பதிலாக, ஓர் அணுத் தடிப்பேயுள்ள காபன் படையான கிராஃபீனைப் போர்த்திப் பார்த்தார்கள். தப்பி வரும் இலத்திரன்களின் பங்கு பெருமளவு உயர்ந்தது. சிறிய எக்ஸ் கதிர் மூலங்களுக்கும் இலத்திரன் நுணுக்குக்காட்டிகளுக்கும் இவ்வகைக் குளிர் கதோட்டுகளைத்தான் தேடுகிறார்கள். 1922இல் லிலியன்ஃபெல்ட் தேடியதும் எக்ஸ் கதிர்க் குழாய்க்கான குளிர் கதோட்டையே.

பியற்றிஸ் கணவருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தார். தன் சொத்தில் ஒரு பகுதியை, கணவரின் பெயரில் பரிசு வழங்குமாறு அமெரிக்கப் பௌதிகவியல் சங்கத்துக்கு எழுதிவைத்தார். 1988இல் நிறுவப்பட்ட அந்தப் பரிசு, பௌதிகவியலில் பெரும்பங்களிப்புச் செய்வதோடு அதைப் பிறருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லவும் வல்லவர்களுக்கு வழங்கப்படுகிறது. 1999இல் அதைப் பெற்றவர் ஸ்டீவன் ஹோக்கிங். தன் கண்டுபிடிப்பைச் சட்டத்தரணிகள் தவிர வேறு யாருக்கும் எடுத்துச் சொல்லாத மனிதரின் பெயரில் அப்படியொரு பரிசு. அந்த நிபந்தனை பியற்றிஸின் மனதில் எப்படி உதித்தது என்று யோசிக்கையில், வீட்டுக்குள் அவர் கேட்டிருக்கக்கூடிய கதைகளை நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.